மலைப்பாதையில் இருவழி வானொலி

வானொலி என்ற சொல்லைக் கேட்டதும் இந்நாட்டு மக்களின் நினைவுக்கு முதலில் வருவது, வீட்டின் ஒரு மூலையிலிருந்து செய்தியும் இசையும் வழங்கும் பெட்டியே ஆகும். 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கொழும்பிலிருந்து ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிய நாள்முதல், நிலையம் பேச நேயர் கேட்பதே வழக்கமாக இருந்துவருகிறது. நேயர் மறுமொழி கூற விரும்பினால் அஞ்சலையோ தொலைபேசியையோ நாடவேண்டும். ஆயினும், கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒருங்கே உதவும் வானொலி ஒன்றும் உண்டு. பொலிஸ் வண்டிகளிலும், தீயணைக்கும் படையினரின் வண்டிகளிலும், கடலோடும் படகுகளிலும் அது பொருத்தப்பட்டிருக்கும். அதனை இருவழி வானொலி என்பர். அத்தகைய வானொலியை ஒரு வண்டியிற் பொருத்தும்போது, பலரும் பொருட்படுத்தாது விட்டுவிடும் ஒரு பகுதியைப் பற்றியதே இவ்வுரை. வானொலிக் கருவிக்கும் ஏரியலுக்கும் இடையே ஓடும் கம்பியே அப்பகுதியாகும்.

சப்பிரகமுவ மாகாணத்தில், கேகாலையிலிருந்து கரவனல்லை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது புளத்கொகுபிட்டிய. தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் மலைச்சரிவுகள் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகள் மலையை வளைந்து வளைந்து ஏறுகின்றன. ஒரு வளைவில் எதிரே தோன்றும் லயன் வரிசை அடுத்த வளைவில் மறைந்துவிடும். இத்தகைய பாதைகளிற் செல்லத்தக்கது, இலங்கை மக்கள் 'கெப்' என்று அழைக்கும், பின்புறம் திறந்த தட்டுடைய சிறு வண்டியாகும். கொழுந்துச் சாக்கை ஏற்றுவதும், உரமூட்டையைக் கொண்டுசெல்வதும் அதுவே. நள்ளிரவிற் பேறுகால வேதனையுறும் தாயை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேறு வண்டி கிடையாதபோது துணைக்கு வருவதும் அதுவே.

இப்பகுதி மக்கள் 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதியை மறக்கமாட்டார்கள். நாட்கணக்கிற் பெய்த பெருமழையின் முடிவில், அன்று புளத்கொகுபிட்டியவில் உள்ள களுபஹனத் தோட்டத்தில் மலைச்சரிவு இடிந்து லயன் குடியிருப்பின்மீது வீழ்ந்தது. தொழிலாளர் குடும்பங்கள் பல உறவினரை இழந்தன. அதே நாளில், அதே மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அங்கு மாண்டவரும் காணாமற்போனவரும் நூற்றுக்கு மேற்பட்டோர். பின்னர் 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய திட்வா சூறாவளியில் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மலைநாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின.

மண்சரிவு பற்றி எச்சரிப்பதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறுதற்கு ஆயத்தமாகவும், 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறவும் அறிவிக்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் உண்டு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 117. எச்சரிக்கை கொழும்பிலிருந்து மலைக்கு வருவதற்கு வானொலிப் பெட்டி போதும். ஆனால், "பாதை அடைபட்டுவிட்டது, சுவரில் வெடிப்புக் காண்கிறது, இத்தனை குடும்பங்கள் பாடசாலையில் இருக்கின்றன" என்று மலையிலிருந்து கீழே சொல்வதற்கு வழி வேண்டும். கைத்தொலைபேசி அந்த வழியைத் தருவது, அதன் கோபுரத்துக்கு மின்சாரம் உள்ளவரையில்தான். கோபுரத்தின் பற்றரி தீர்ந்தபின் கையிலுள்ள தொலைபேசியாற் பயனில்லை.

அந்நிலையில் இருவழி வானொலியின் பயன் எத்தகையது என்பதை 2004ஆம் ஆண்டின் கடல்கோள் நாடறியக் காட்டிற்று. தென்கரையில் அம்பாந்தோட்டையின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்திருந்த வேளையில், இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த பொழுதுபோக்கு வானொலியாளர்கள் சிற்றலைக் கருவிகளுடன் அங்கு சென்று தலைநகருடன் பேச்சுத் தொடர்பை ஏற்படுத்தினர். அக்கருவிகளை இயக்க மோட்டார் வண்டியின் பற்றரியே போதுமானதாயிருந்தது.

வண்டியில் வானொலி வைப்பது புதிதன்று. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரப் பொலிசார் 1928ஆம் ஆண்டில் ரோந்து வண்டிகளுக்கு வானொலி மூலம் கட்டளை அனுப்பத் தொடங்கினர். அவ்வண்டிகள் கேட்டனவேயன்றிப் பேசவில்லை. 1933ஆம் ஆண்டில் நியூ ஜேர்சியின் பயோன் நகரப் பொலிசார் வண்டியிலிருந்து மறுமொழி கூறும் முறையைக் கொண்டுவந்தனர். அன்றைய கருவி வண்டியின் பின்பெட்டியை நிறைத்தது. இன்றைய கருவியோ தடித்த நூலொன்றின் அளவுடையது. கருவி சுருங்கியதே தவிர, அதனை ஏரியலுடன் இணைக்கும் கம்பியின் தேவை சிறிதும் மாறவில்லை.

அக்கம்பி வீட்டு மின்விளக்குக்கு ஓடும் கம்பி போன்றதன்று. நடுவே ஒரு செப்புக்கம்பி. அதனைச் சுற்றி வெண்ணிறப் பொலித்தீன் உறை. அதன்மேல் செப்பிழைகளாற் பின்னிய வலை. எல்லாவற்றையும் மூடிய கறுப்புத் தோல். இவை யாவும் ஒரே அச்சைக் கொண்டிருப்பதால் இது ஓரச்சுக் கம்பி எனப்படும். இதன் அடிப்படை அமைப்புக்கு ஒலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கில அறிஞர் 1880ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். பேச்சைச் சுமந்துசெல்லும் ஆற்றல், நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையிலுள்ள இடத்தில் ஓடுகிறது. ஆகவே, அவ்விடைவெளி எங்கும் ஒரே அளவாயிருத்தல் வேண்டும். வண்டி வானொலிகளுக்குரிய கம்பி 50 ஓம் என்னும் அளவுக்குச் செய்யப்படுவது. நசுங்கிய இடத்தில் அந்த அளவு மாறும். அங்கே ஆற்றலின் ஒரு பகுதி திரும்பி ஓடும்.

தோட்டத்து மக்களுக்குப் பீலித் தண்ணீர் தெரியும். மலைமேலுள்ள ஊற்று வற்றாதிருந்தாலும், வழியிற் பீலி பிளந்திருந்தால் லயன் வாசலில் வைத்த குடம் நிறையாது. ஏரியற் கம்பியும் அவ்வாறே. வழக்கமாகக் கிடைக்கும் ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கம்பியில் 150 மெகாஹேர்ட்ஸ் அலை 5 மீற்றர் ஓடினால், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஆற்றல் வழியிலேயே வெப்பமாகிவிடும். 25 உவாற்றுக் கருவியிலிருந்து ஏரியலைச் சேர்வது 20 உவாற்றளவே. 450 மெகாஹேர்ட்ஸ் அலையாயின் இழப்பு மூன்றிலொரு பங்கை எட்டும். இது பழுதற்ற கம்பியில் நேரும் இழப்பு. நசுங்கியும் நனைந்தும் போன கம்பியில் எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கில்லை. பேசும்போது போவது போலவே, கேட்கும்போதும் போகும். பள்ளத்தாக்கின் மறுபுறத்திலிருந்து மெலிந்து வரும் குரல், வாசல்வரை வந்தும் உள்ளே நுழையாது திரும்பிவிடும்.

கம்பியின் பாதையைத் தீர்மானிப்பது ஏரியல் நிற்கும் இடமாகும். 150 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீற்றர். அதன் காற்பங்காகிய 50 சென்ரிமீற்றர்க் கோல் சிறந்த ஏரியலாகும். ஆனால், அது தனித்து இயங்குவதன்று. அதன் அடியிற் பரந்த உலோகத்தளம் இருந்தாற்றான் அலை நாற்புறமும் ஒரே சீராகப் பரவும். கெப் வண்டியில் அத்தகைய தளம் சாரதி அறையின் கூரையே. கூரையின் நடுவே நிற்கும் கோல், வண்டி எப்பக்கம் திரும்பினாலும் எத்திசையிலும் ஒரே அளவிற் பேசும். பின்தட்டின் ஓரத்தில் நிறுத்தினால் கொழுந்துச் சாக்கும் மூட்டையும் அதனை முறிக்கும். சாரதி அறை முன்னே நின்று அலையை மறைக்கும். பொனற்றின் ஓரத்தில் நிறுத்துவது அடுத்த நிலையில் வைத்தெண்ணத்தக்கது. இத்தகைய அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன, மலையைத் துளைப்பனவல்ல. ஆதலின் உயரமான இடமே எப்போதும் சிறந்தது.

கூரையிற் துளையிட மனம் ஒப்பாதவர்கள் காந்த அடியுடைய ஏரியலை வைப்பதுண்டு. அது எளிது, ஆயினும் அதன் கம்பி கதவிடுக்கின் வழியாகவே உள்ளே நுழையவேண்டும். இங்கேதான் பெரும்பாலான கேடுகள் தொடங்குகின்றன. தோட்டத்து வண்டியின் கதவு நாளொன்றுக்கு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பி நசுங்குகிறது. உள்ளிருக்கும் பொலித்தீன் மெல்ல வழிவிடுகிறது. நடுக்கம்பி ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ஒருநாள் வலையைத் தொடுகிறது. வெளித்தோலிற் பெரிய காயம் எதுவும் தென்படாது. கருவி விளக்கெரிய உயிரோடிருக்கும், பேசுபவரும் பேசிக்கொண்டிருப்பார். கேட்பதற்குத்தான் எவரும் இருக்கமாட்டார். ஆகவே, காந்த ஏரியலைத் தற்காலிகமாகக் கொள்ளலாம். நிலையாக வைப்பதாயின் கூரையிற் துளையிட்டு, கம்பியை உட்சீலைக்கும் கூரைக்கும் இடையே இறக்குவதே முறை.

துளையிடுமுன் உட்சீலையைச் சற்று இறக்கி, மேலே குறுக்குச் சட்டமோ விளக்குக் கம்பியோ இல்லாதிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இட்டபின், துளையைச் சுற்றியுள்ள உட்புறப் பூச்சைச் சுரண்டி வெற்றிரும்பு தெரியச் செய்தல் வேண்டும். ஏரியலின் அடிப்பாகம் உலோகத்தை நன்கு தொடாவிட்டாற் கூரை அதற்குத் தளமாகாது. சுரண்டிய இடம் துருப்பிடிக்காதிருக்கச் சிறிது கிறீஸ் பூசி, மேலே நீர்புகா வளையத்தை இறுக்குதல் வேண்டும்.

கூரையிலிருந்து கம்பி கண்ணாடிக்கு அருகிலுள்ள தூணின் உட்புறமாக இறங்கிவரும். புதிய வண்டிகள் பலவற்றில் அத்தூணிலும் கூரையோரத்திலும் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. விபத்தின்போது அவை நொடிப்பொழுதில் விரிந்து உயிர்காப்பவை. அவற்றின் குறுக்கே கம்பி சென்றால், பை விரிவதற்கு அது தடையாகலாம். வண்டியைச் செய்தவர்கள் தரும் கைந்நூலைப் பார்த்து, காற்றுப்பை உள்ள தூணை விட்டு வேறு வழி தேடுவதே நன்று. வேறு வழி இல்லையாயின் தேர்ந்த திருத்துநர் ஒருவரைக் கொண்டு, பைக்குப் பின்னால், அதன் விரிவைத் தொடாதவாறு கம்பியைக் கட்டுவித்தல் வேண்டும்.

தூணின் அடியை அடைந்த கம்பி, கதவடிச் சட்டத்தின் மூடியின்கீழ்ப் படுத்துச் செல்லலாம். ஆசனம் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம், ஆசனப்பட்டி சுருளும் இடம், சாரதியின் கால்மிதிகள் ஆகிய மூன்றையும் அது நெருங்குதல் ஆகாது. வளைக்கும்போது முறுக்கி மடிக்கலாகாது. 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியின் வளைவு குறைந்தது 25 மில்லிமீற்றர் ஆரமுடையதாயிருக்க வேண்டும். அசையும் இடத்தில் அதன் இருமடங்கு வேண்டும். கட்டும் பிளாஸ்ரிக் பட்டிகளை, கம்பி பிதுங்குமளவுக்கு இறுக்கலாகாது. மிஞ்சிய கம்பியைச் சிறு வளையமாகச் சுருட்டி ஆசனத்தின்கீழ்த் திணிப்பது பலரின் வழக்கம். தேவைக்குச் சற்றே மிகையாக விட்டு, எஞ்சியதை வெட்டி, முனையைப் புதிதாகப் பொருத்துவதே சிறந்தது. குறைந்த நீளம் குறைந்த இழப்பாகும்.

ஏரியல் பொனற்றோரத்தில் நின்றால், கம்பி எஞ்சினுக்கும் சாரதி அறைக்கும் இடையிலுள்ள தகட்டைக் கடக்கவேண்டும். அத்தகட்டிற் புதுத்துளை இட்டால், அதன் விளிம்பு கத்திபோல் இருக்கும். மலைப்பாதையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவ்விளிம்பு கம்பியின் தோலை அறுக்கும். துளைக்குத் தகுந்த இறப்பர் வளையம் ஒன்றை இடாமற் கம்பியை இழுக்கலாகாது. தகட்டை அடையுமுன் கம்பியைத் துளைக்குக் கீழே தாழவிட்டு, பின்னர் மேலேற்றி நுழைத்தல் வேண்டும். கம்பி வழியே ஓடிவரும் மழைநீர் தாழ்ந்த இடத்திற் சொட்டிவிடும், உள்ளே வராது. புகைபோக்கியின் வெப்பமும், சுழலும் பட்டையும் கம்பிக்கு எட்டாத் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

கருவிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியை வேறாகவே கொள்ளவேண்டும். அது நேரே பற்றரியிலிருந்து வருதல் நன்று. பற்றரி முனைக்கு மிக அருகில் அதற்கொரு பியூஸ் இருக்கவேண்டும். இல்லையேல், வழியில் எங்கேனும் தோல் அறுந்து இரும்பைத் தொடும்போது வண்டி தீப்பற்றும். மின்கம்பி வண்டியின் ஒரு பக்கமாக வந்தால், ஏரியற் கம்பி மறுபக்கமாகச் செல்லட்டும். தோட்டத்துக் கெப் வண்டிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. பெற்றோல் எஞ்சினுக்குரிய தீப்பொறி இரைச்சல் அவற்றில் இல்லை. ஆயினும் பற்றரியை மின்னேற்றும் ஓல்ரனேற்றரும், புதிய எஞ்சின்களின் மின்னணுக் கட்டுப்பாடுகளும் இரைச்சல் எழுப்புவன. எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் சீழ்க்கையொலி கேட்குமாயின், கம்பிகள் எங்கோ நெருங்கி ஓடுகின்றன, அல்லது மின்கம்பியின் தொடுப்பு நன்றாயில்லை என்று ஐயுறலாம்.

கம்பியைப் பதித்தபின் சோதனை. ஏரியலை இணைக்குமுன், நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே மின்தொடர்பு இல்லாதிருப்பதைச் சாதாரண அளவுகருவியாற் பார்த்துக்கொள்ளலாம். முனையில் ஈயம் பற்றவைக்கும்போது தெறித்த ஒரு செப்பிழை போதும், எல்லா உழைப்பையும் வீணாக்குவதற்கு. ஏரியலை இணைத்தபின், நிலையலை விகிதம் காட்டும் கருவியை இடையே வைத்துப் பேசிப் பார்க்கவேண்டும். விகிதம் 1.5 ஆயின் நூற்றுக்கு 4 பங்கு ஆற்றலே திரும்புகிறது. 2 ஆயின் 11 பங்கு. 3 ஆயின் 25 பங்கு. ஏரியல் இல்லாத கருவியிற் பேசுவது அதனைப் பழுதாக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நீர் புகுந்து கெட்ட கம்பியில் இந்த அளவுகருவி நல்ல எண்ணையே காட்டுவதுண்டு. அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதியைக் கம்பி விழுங்கிவிடுகிறது. ஏரியலிலிருந்து திரும்புவதிலும் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. திரும்பி வருவது குறைவு என்பதால் எல்லாம் நலம் என்று தோன்றும். ஆகவே, கருவியின் முனையில் மட்டும் அளந்து நிறைவடையாது, ஏரியலின் முனையிலும் ஆற்றலை அளந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். வேறுபாடு முன்னர்க் கூறிய அளவுக்கு மிஞ்சினாற் கம்பியை மாற்றுவதே வழி. கறுத்துப்போன செப்புவலையை எவராலும் திருத்த இயலாது.

இத்தகைய கருவியை வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் அனுமதிப்பத்திரம் அவசியம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே அதனை வழங்குவதும் அலைவரிசையைக் குறித்துக் கொடுப்பதும். உரிமையின்றி ஒருவர் பேசினால், இடரிலிருக்கும் வேறொருவரின் குரலை அது மறைத்துவிடக்கூடும்.

தென்மேற் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடிமழை பெய்கிறது. ஆதலின், ஏப்ரலில் ஒருமுறையும் செப்டெம்பரில் ஒருமுறையும் ஏரியலின் அடியைக் கழற்றித் துரு இருக்கிறதா என்று பார்த்து, கம்பியின் பாதை முழுவதையும் கையாற் தடவி, நசுங்கலும் கிழிசலும் தேடுவது நன்று. அரை மணி நேரத்துக்கு மேல் அதற்குத் தேவைப்படாது. அத்துடன், வாரம் ஒருமுறை குறித்த நேரத்தில், தோட்டத்தின் மிகத் தாழ்ந்த மடுவில் வண்டியை நிறுத்தி அழைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். மேட்டில் நின்று பேசும்போது கெட்ட கம்பியும் பேசிவிடும். பள்ளத்திலிருந்து பேசும்போதுதான் உண்மை தெரியும். மறுமுனையில் இருப்பவர் சொல்லும் மறுமொழியையும், அன்று அவருடைய குரல் தெளிவாகக் கேட்டதா, மங்கலாகக் கேட்டதா என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவேண்டும். வாரத்துக்கு வாரம் குரல் மங்கி வருமாயின், மழை வருமுன் கதவடிச் சட்டத்தின் மூடியைக் கழற்றிக் கம்பியைப் பார்க்கவேண்டிய நாள் வந்துவிட்டது என்று அக்குறிப்பேடே சொல்லிவிடும்.